ஞானத் தராசு செய்த அல்காஸினி

நம் முன்னோர் கப்பலேறிப் பினாங்கு வந்த காலந்தொட்டுத் தராசு நம் சமூகத்தின் கையில் இருந்து வருகிறது. எனவே சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டபோது, தராசுக்காகவே வாழ்ந்த பேரறிஞர் அப்துர் ரஹ்மான் அல்காஸினியின் நினைவே நமக்கு முதலில் வந்தது.

இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரில், சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் அவர். ரோம வம்சத்தைச் சேர்ந்த அவர் சிறுவயதில் அடிமையாக இருந்தார். அவருடைய எஜமானர் ஒரு கஜானா அதிகாரி. அரபியில் காஸின் என்றால் கஜானாக் காப்பாளர். அல்காஸினி என்ற பெயர் அவ்வழியே வந்தது. அந்த எஜமானர் சிறுவனுக்குக் கணிதமும் தத்துவமும் கற்பித்தார். அச்சிறுவன் வளர்ந்து, சல்ஜூக் சுல்தான் சன்ஜரின் பெயரால் வானியல் அட்டவணைகளைத் தொகுத்தார்.

அவருக்கு முன் அல்இஸ்ஃபிஸாரீ என்ற அறிஞர், தங்கத்தில் கலப்படம் இருந்தால் காட்டிக்கொடுக்கும் தராசு ஒன்றைச் செய்திருந்தார். சுல்தானின் கஜானா அதிகாரி ஒருவர், தம் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி அதை உடைத்துப் போட்டார் என்றும், அந்தத் துயரத்திலேயே அல்இஸ்ஃபிஸாரீ இறந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். உடைந்த இடத்திலிருந்து அப்பணியைத் தொடர்ந்தவர் அல்காஸினி. ஐந்து தட்டுகளும் சுமார் 2 மீட்டர் நீளத் தண்டும் கொண்ட ஞானத் தராசை அமைத்தார். ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121-22) அதே பெயரில் ஒரு நூலும் எழுதி முடித்தார்.

அந்நூலில் தங்கம், மணிகள் மட்டுமல்ல, திரவங்களும் உண்டு. அரை முழப் பித்தளைக் குழாயின் அடியில் ஈயம் போன்ற ஒரு கனத்தை வைத்து, மேலே அளவுக் கோடுகள் இட்ட மிதவையை அவர் விவரிக்கிறார். லேசான திரவத்தில் அது ஆழமாக அமிழும். கனத்த திரவத்தில் மேலெழும். தாசேக் கெலுகோர்ப் பக்கத்து மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. ரப்பர்ப் பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க இடும் மெட்ரோலாக்கும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

நன்னீரை 1 என்று வைத்து, நல்லெண்ணெய் 0.915, ஒலிவ எண்ணெய் 0.920, கடல்நீர் 1.041, தேன் 1.406 என்று அவர் பட்டியலிட்டார். சூடான நீருக்கு 0.958 என்று தனியாகக் குறித்தார். சூடேறினால் நீர் லேசாகும் என்பதை அவர் கவனிக்கத் தவறவில்லை. ஒப்படர்த்தி என்று நாம் பாலிடெக்னிக்கில் படித்தது இதைத்தான். ஆனால் அன்று இப்பெயரை நமக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் படிப்பு ஒருநாள் நமக்கு உதவியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடம் தேன் வாங்கிக் கடையில் விற்றோம். அது நீர்த்திருப்பதாக ஒரு பெரியவர் வந்து குறைபட்டார். மசாலா நிறுக்கும் மின்தராசில் ஒரு காலிப் போத்தலை நிறுத்தோம். பிறகு அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி நிறுத்தோம். தண்ணீரின் எடை 50 கிராம். போத்தலைக் காயவைத்து, அதே விளிம்புவரை தேனை நிரப்பினோம். தேன் 66 கிராம். 66ஐ 50ஆல் வகுத்தால் 1.32. நல்ல தேன் 1.4ஐ ஒட்டி நிற்க வேண்டும். தண்ணீர் கலந்தது தெளிவாயிற்று. சீனிப்பாகு கலந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாமலும் போயிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் பாதிச் சரக்கு விற்றுப் போயிருந்தது. அறியாமல் செய்தோம் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சோதிக்கத் தெரிந்திருந்தும் சோதிக்காமல் விற்றோமே! தெரிந்த முகங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தெரியாதவர்களின் கணக்கு இன்னும் நம் மனத்தில் தீரவில்லை.

அல்காஸினியின் வாழ்வோ வேறுவிதம். சுல்தான் அனுப்பிய 1000 தீனாரை அவர் திருப்பி அனுப்பினார். தம்மிடம் 10 தீனார் இருக்கிறது, ஆண்டுக்கு 3 தீனார் போதும், வீட்டில் தம்மோடு இருப்பது ஒரு பூனை மட்டுமே என்பது அவர் சொன்ன காரணம். அரசின் கஜானாவுக்கே தராசு செய்தவர், தமக்கு வேண்டியதையும் அளந்தே வைத்திருந்தார்.

அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதீர்கள் என்பது நம் மார்க்கம் வணிகருக்கு இட்ட கட்டளை. முத்திரையிட்ட தராசு கடையில் இருந்தால் அது நிறைவேறிவிட்டதாக நாம் எண்ணிவிடக் கூடாது. தட்டில் வைக்கும் பொருளும் சரியானதாக இருக்க வேண்டும். வல்ல இறைவன் அந்தப் பேரறிஞருக்கு அருள்புரிவானாக! நம் தராசுகளையும் நம் சரக்கையும் நேர்மையில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.