லூயி பிரெயில்

லூயி பிரெயில் (ஜனவரி 4, 1809 – ஜனவரி 6, 1852) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஆசிரியரும் இசைக்கலைஞரும் ஆவார். பார்வையற்றோர் விரல் நுனியால் தடவிப் படிக்கவும் தாமே எழுதவும் உதவும் ஆறு புள்ளி எழுத்து முறையை உருவாக்கியவர் இவரே. அம்முறை இவரது பெயராலேயே பிரெயில் என வழங்குகிறது. தமது 15 ஆவது அகவையிலேயே இவர் இதனை ஏறத்தாழ முழுமையாக்கிவிட்டார். ஆயினும், இவர் கற்றதும் கற்பித்ததுமான பள்ளி அதனை முறைப்படி ஏற்றுக்கொண்டபோது இவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இளமை

பாரிசுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில் பிரெயில் பிறந்தார். தந்தை சீமோன் ரெனே குதிரைகளுக்கான சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலாளி. மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோலைத் துளையிடும் குத்தூசி ஒன்றை எடுத்து விளையாடியபோது அது சிறுவனின் கண்ணில் பாய்ந்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. புண் சீழ்பிடித்தது, பாதிப்பு மற்றக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதளவில் பார்வை முற்றாகப் போய்விட்டது.

ஊர்ப் பள்ளியில் பார்வையுள்ள பிள்ளைகளுடன் அமர்ந்து, காதால் கேட்டே பாடங்களைக் கற்றார். 1819 பெப்ரவரியில், 10 வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரச பள்ளியில் சேர்க்கப்பட்டார். வலாந்தேன் அவி என்பவர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இது. அங்கே படிப்பதற்கு நூல்கள் இருந்தன. ஈரத்தாளில் வழமையான இலத்தீன் எழுத்துக்களையே பெரிதாக அழுத்திப் புடைக்கச் செய்த நூல்கள் அவை. பருமனும் எடையும் மிக்கவை. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் விரலால் சுற்றித் தடவி அறிய வேண்டியிருந்ததால் ஒரு வரியைப் படிக்கவே நெடுநேரம் பிடித்தது. இம்முறையில் மாணவர்கள் எழுதவும் இயலாது. பார்வையுள்ளோர், தம் கண்ணுக்கு எளிதான வடிவத்தையே விரலுக்கும் கொடுத்திருந்தார்கள் என்பதே இதன் அடிப்படைக் குறை.

பார்பியேயின் புள்ளிகள்

1821 இல் சார்ல் பார்பியே என்பவர் தமது புள்ளி எழுத்து முறையை இப்பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். நெப்போலியனின் ஆணைப்படி, போர்க்களத்தில் வீரர்கள் இருளில் செய்தி படிப்பதற்காக அவர் இதனை உருவாக்கினார் என்ற கதை பல நூல்களில் காணப்படுகிறது. அத்தகைய ஆணை எதற்கும் சான்று இல்லை. பார்பியே படைப் பின்னணி கொண்டவர் என்பது உண்மையே. ஆனால் அவருடைய நாட்டம், வழமையான எழுத்தைக் கற்க வாய்ப்பில்லாத எளிய மக்களுக்கும் பார்வையற்றோருக்கும் ஏற்ற சுருக்கமான எழுத்துக்களை அமைப்பதில் இருந்தது. 1815 இல் அவர் வெளியிட்ட நூலில் மட்டும் பன்னிரண்டு எழுத்து முறைகள் இடம்பெற்றன.

கோட்டுருக்களைவிடப் புள்ளிகளை விரல் எளிதில் உணரும் என்பது பார்பியேயிடமிருந்து கிடைத்த அரிய கருத்து. ஆனால் அவரது முறையில் ஒரு குறிக்கு 12 புள்ளிகள் வரை இருந்ததால் விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. அது ஒலிகளைக் குறித்ததேயன்றி எழுத்துக்களைக் குறிக்கவில்லை. ஆகவே அதைக் கொண்டு எழுத்துக்கூட்டைக் கற்க முடியாது.

ஆறு புள்ளிகள்

பிரெயில் செய்த மாற்றம் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும். நிரைக்கு மூன்றாக இரண்டு நிரைகளில் ஆறு புள்ளிகள் மட்டுமே வைத்தார். விரலை நகர்த்தாமலே ஒரு தொடுகையில் முழுக் குறியையும் உணரலாம். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வெவ்வேறு குறிகள் அமையும். முதல் பத்து எழுத்துக்கள் மேலுள்ள நான்கு புள்ளிகளுக்குள் அடங்குகின்றன. அவற்றுடன் இடப்பக்கக் கீழ்ப்புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து எழுத்துக்கள் கிடைக்கின்றன. எனவே முதல் பத்தையும் அறிந்தவர் மற்றவற்றை விரைவில் கற்றுவிடுவார்.

எழுதுவதற்குத் துளைச்சட்டமும் கூரிய எழுத்தாணியும் பயன்பட்டன. இவ்வெழுத்தாணி குத்தூசியை ஒத்ததாக இருந்தது என்பதைப் பலரும் குறிப்பிடுவதுண்டு. 1829 இல் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. அது பழைய புடைப்பெழுத்திலேயே அச்சிடப்பட்டது. அதில் பிரெயில் தமது முறைக்கு மூலமான கருத்து பார்பியேயினுடையது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொண்டுள்ளார். இசைக்குறியீடுகளும் அந்நூலில் இருந்தன. பிரெயில் பாரிசுத் தேவாலயங்களில் ஆர்கன் இசைத்தவர்.

தடையும் ஏற்பும்

1833 இல் பிரெயில் அப்பள்ளியின் ஆசிரியரானார். மாணவர்கள் புதிய எழுத்தை விரும்பிக் கற்றனர். 1837 இல் பிரெயில் எழுத்தில் பிரான்சின் வரலாறு குறித்த நூல் அச்சாகியது. ஆனால் 1840 இல் இயக்குநராக வந்த துய்போ இம்முறையை விலக்கி, வேறொரு புடைப்பெழுத்து முறையைப் புகுத்தினார். பார்வையுள்ளவர்கள் படிக்க இயலாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது எதிர்த்தோரின் வாதம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருந்தது; எனினும் படிக்கப்போகும் மாணவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. மாணவர்கள் மறைவாகப் புள்ளி எழுத்தைத் தொடர்ந்து பயன்படுத்தினர்.

அவ்வாதத்திற்கான விடையைப் பிரெயில் ஏற்கெனவே 1839 இல் கொடுத்திருந்தார். வழமையான எழுத்துக்களின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் மற்றொரு முறை அது. இதன்மூலம் பார்வையற்ற மாணவர் பார்வையுள்ள பெற்றோருக்குத் தாமே கடிதம் எழுதலாம். பியேர் பூக்கோ என்னும் பார்வையற்றவர் 1841 இல் இதற்கென ஓர் எழுதும் பொறியையும் செய்தார். பின்னாளைய புள்ளியச்சுப் பொறிகளும் எழுத்துக்களைப் புள்ளிகளாலேயே உருவாக்கின.

பள்ளி புதிய கட்டிடத்திற்கு மாறியபின், 1844 இல் நடந்த திறப்புவிழாவில் துணை இயக்குநர் குவாதே பிரெயில் எழுத்தின் சிறப்பைப் பொதுமக்கள் முன்னிலையில் எடுத்துரைத்தார். அதன்பின் தடை தளர்ந்தது. பிரெயில் அப்போது காசநோயால் நலிந்திருந்தார். 43 ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்களின்பின் காலமானார். 1854 இல் பள்ளி அவரது எழுத்தை முறைப்படி ஏற்றது. 1878 இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதனைத் தெரிவுசெய்தது.

இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951 இல் உருப்பெற்றது. தமிழும் அதிலேயே எழுதப்படுகிறது. அகரத்திற்கு ஒரே ஒரு புள்ளி. அச்சில் எழுத்தின் இருபுறமும் அமையும் ஒகரக் குறி, பிரெயிலில் மெய்க்குப் பின்னே ஒலிக்கும் வரிசையிலேயே வருகிறது.

1952 இல் பிரெயிலின் உடல் பாரிசிலுள்ள பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. கைகள் மட்டும் ஒரு பேழையில் இடப்பட்டுக் கூவ்ரே ஊர்க் கல்லறையில் வைக்கப்பட்டுள்ளன.