செல்லம்மாளை எழுதியவர்

புதுமைப்பித்தன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், பூர்வீகம் திருநெல்வேலி. சிறு வயதிலேயே அம்மாவை இழந்தவர். அப்பா தாசில்தார். பி.ஏ. முடித்த மகன் உத்தியோகத்துக்குப் போவான் என்று அவர் காத்திருந்தார். மகனோ எழுதிப் பிழைப்பேன் என்று சென்னைக்கு வந்துவிட்டார். முதல் தேதிச் சம்பளத்தை நம்பியே முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய என்னைப் போன்றவர்களுக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

சிறுகதைக்கென்றே பேர் வாங்கிய பத்திரிகை ‘மணிக்கொடி’. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரரான நம்ம ஆர். சண்முகசுந்தரமும் அதில் எழுதியவர்தான். புதுமைப்பித்தனின் நல்ல கதைகள் பல அதில் வந்தன. பேர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. பிறகு ‘தினமணி’யில் உதவியாசிரியர் வேலை. 1943-ல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் கூடவே வெளியேறினார்.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே சென்னைக்கு வருகிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைத் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகச் சேர்க்கப் பார்க்கிறார்! மெயின்டனன்ஸ் வசூலுக்கு வீடு வீடாக ஏறி இறங்கும் நம் பொருளாளர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆனால் நான் உங்களைப் படிக்கச் சொல்வது ‘செல்லம்மாள்’. ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள், சென்னையில் ஒரு சின்ன வீடு. அவ்வளவுதான் கதை. அவள் இறந்துவிட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறார் ஆசிரியர். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்புக்கு அங்கே இடமே இல்லை. கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் மனுஷன் அடுப்பு மூட்டுவதையும், கஞ்சி வைப்பதையும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதையும் மட்டும் கவனிக்கிறோம். அன்பு என்று ஒரு வார்த்தை அவர் பேசுவதில்லை. நானூறு பக்க நாவலாக இருந்தால் ஊர், உறவு, சொத்துத் தகராறு எல்லாம் வந்து இதை மூடியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். சில பக்கங்களே இருப்பதால் அந்தக் கஞ்சி டம்ளர் கண்ணை விட்டுப் போவதில்லை. வீட்டில் நெடுநாள் நோயாளியை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய குடும்ப வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் போனது. பிழைப்புக்காக அவர் சென்னையில் இருக்க, கமலா அம்மாள் பல காலம் திருவனந்தபுரத்தில் பிறந்த வீட்டில் இருந்தார். கடிதங்களில்தான் குடித்தனம். அவை பின்னாளில் புத்தகமாகவே வந்தன. பிறந்த குழந்தைகளில் தங்கியது ஒரு மகள் மட்டும். சினிமாவிலாவது நாலு காசு பார்க்கலாம் என்று சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார். அதுவும் கையைக் கடித்தது. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனா போனவர் காசநோயோடு திரும்பினார். 1948-ல் திருவனந்தபுரத்தில், மனைவி அருகில் இருக்க, காலமானார். வயது 42. ‘ராஜமுக்தி’ வெளிவந்தபோது அவர் இல்லை.

2002-ல் அவர் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. அதனால் மொபைலிலேயே இலவசமாகக் கிடைக்கும். ‘செல்லம்மாள்’ படிக்க அரை மணி நேரம் போதுமுங்க. இரவு எட்டு மணிக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள், தூக்கம் வராது.