அவர் தட்டிய கதவு

தூத்துக்குடி மண் தமிழ்த் திரையுலகுக்குத் தந்த பெரிய கலைஞர் ஜே. பி. சந்திரபாபு. மாப்பிள்ளையூரணி, தருவைகுளம், திரேஸ்புரம் என்று நம் கடலோர ஊர்களில் அவர் பாட்டைக் கேட்காதவர் குறைவு. ஆனால் அந்தப் பாட்டுக்குத் தலையாட்டும் இளையோர் பலருக்கு, பாடியவர் நம் ஊர்க்காரர் என்பது தெரியாது. அவருடைய உயர்வு பலரும் பேசியது. உயர்வு கைநழுவியபின் அவர் பட்ட பாட்டை இன்று நாம் சற்றுச் சிந்திப்போம்.

1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கத்தோலிக்கப் பரதர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் பிச்சை. தந்தை விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'சுதந்திர வீரன்' என்ற இதழை நடத்தியவர். ஆங்கிலேயர் ஆட்சியின் கெடுபிடியால் குடும்பம் கொழும்புக்குப் போக நேர்ந்தது. சிறுவனின் படிப்பும் அங்கேதான். 1943இல் குடும்பம் சென்னைக்கு வந்தபோது அவர் பதினாறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். நடிகராக வேண்டும் என்ற ஒரே ஆசை அவரைப் பற்றிக்கொண்டது.

1947இல் 'தன அமராவதி' படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் ஸ்டூடியோ வாசல்களில் காத்திருப்பே வாழ்க்கையாயிற்று. 1952இல் ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புக் கிடைக்காத வேதனையில் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார், வழக்கும் நடந்தது. நீதிமன்றத்தில் தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, பிறர் வேதனையைப் பார்க்கலாம், உணர முடியாது என்று புரியவைத்தாராம். பின்னர் அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது.

அடுத்த பத்து ஆண்டுகள் அவருடையவை. நடிப்பு, பாட்டு, நடனம் மூன்றும் ஒருவரிடமே இருந்தன. மேல்நாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்த் திரைப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். 'புதையல்', 'மகாதேவி', 'நாடோடி மன்னன்' என்று படங்கள் வரிசையாக வந்தன. 1958இல் வெளியான 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடம். சென்னை ரிக்‌ஷாக்காரராக அவர் பேசிய பேச்சு இன்றும் சிரிக்க வைக்கிறது. பங்களா கட்டினார், காரை மாடிக்கே ஓட்டிச் செல்ல அதில் சரிவுப் பாதை அமைத்தார் என்று அந்தக் காலத்தவர் வியந்து சொல்வார்கள்.

அந்த 1958ஆம் ஆண்டிலேயே அவர் திருமணமும் நடந்தது. மனைவியின் உள்ளம் வேறொருவரை நாடியிருந்தது என்பதை அவர் வாய்மொழியாகவே அறிந்தார். கோபப்படவில்லை, பழி சொல்லவில்லை. அந்தப் பெண் விரும்பிய வாழ்வுக்கே அவரை அனுப்பிவைத்தார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்?

1960களில் காலம் மாறியது. நாகேஷ் என்னும் புதிய நட்சத்திரம் உதித்தது. சந்திரபாபு தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் துணிந்து, எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாகக் கொண்டு 'மாடி வீட்டு ஏழை' படத்தைத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. கடன் குவிந்தது, ஆசையாகக் கட்டிய வீடும் போனது. படத்தின் பெயரே அவர் கதையாகிவிட்டது.

அப்போதும் அவர் ஓயவில்லை. தாமே இயக்கி, சாவித்திரியுடன் நடித்து 1966இல் மீண்டும் ஒரு படம் தந்தார். அதன் பெயர் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரம் தெரிந்த யாருக்கும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் தட்டியது பழைய புகழின் கதவை. அது திறக்கவில்லை. 'பறக்கும் பாவை', 'அடிமைப் பெண்' போன்ற படங்களில் வேடங்கள் வந்தன. ஆனால் பழைய இடம் திரும்பவில்லை. குடியும் போதை ஊசியும் உடலை அரித்தன. 1974 மார்ச் 8ஆம் நாள் 46 வயதில் இறந்தார். சென்னை சாந்தோமை அடுத்த குயிபிள் தீவு கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கட்டிய மனைவியையே விட்டுக்கொடுக்க முடிந்த பெரிய மனம் அவருக்கு இருந்தது. கைதட்டலை விட்டுக்கொடுக்க மட்டும் அந்த மனத்தால் முடியவில்லை. அவ்வளவு வலிமையானது புகழின் பிடி.

அவர் உச்சத்தில் இருந்த அதே காலத்தில், 1955 முதல் 1961 வரை, நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் முத்துச்சிப்பி விளையவில்லை, முத்துக்குளிப்பும் நின்றது. நம் குளியாளிகள் என்ன செய்தார்கள்? முத்து வரும் என்று கரையில் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. சங்கு குளித்தார்கள், வலை எடுத்தார்கள், பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். கடல் ஒன்றை மூடினால் இன்னொன்றைத் தரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சந்திரபாபுவைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. சங்கத்தின் தலைவர் பதவி, அலுவலகத்தின் நாற்காலி, திருவிழாக் கமிட்டியில் முதல் மரியாதை - இவற்றில் ஒன்று போனாலே நாம் எத்தனை இரவு தூங்காமல் இருக்கிறோம்! போன இடத்தைத் திரும்பப் பெறுவதற்காக எத்தனை பேரைப் பகைத்துக்கொள்கிறோம்! அதே வேளையில், இறைவன் தந்த திறமை நம்மிடமே இருப்பதை மறந்துபோகிறோம்.

அவர் தேடிய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பாட்டு மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் மக்களை மகிழ்விக்கிறது. நாம் இன்று தட்டிக்கொண்டிருக்கும் கதவு எது? அது திறக்காவிட்டாலும் நம் கையில் மீதி இருப்பது எது? இந்த இரண்டு கேள்விகளையும் இந்த வாரம் நம் குடும்பத்தோடு அமர்ந்து பேசிப் பார்ப்போம்.