அயனிகளை அறிந்தவர்

நுழையும்முன்

தூய நீர் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்தும். உலர்ந்த சமையல் உப்போ சிறிதும் கடத்தாது. ஆனால், அந்த நீரில் அந்த உப்பைக் கரைத்தால் கிடைக்கும் கரைசலில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. தனித்தனியே இல்லாத பண்பு, கலந்தபின் தோன்றுவது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை கண்டதனால் முதலில் புறக்கணிக்கப்பட்டுப் பின்னர் போற்றப்பட்ட அறிஞர் சுவாந்தே அர்ஹீனியஸ்.

இளமையும் கல்வியும்

சுவீடன் நாட்டின் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள விக் என்னும் ஊரில், 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அர்ஹீனியஸ் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். மூன்று வயதிலேயே தாமாகப் படிக்கக் கற்றுக்கொண்ட அவர், எண்களின் மீது இளமை முதலே பேரார்வம் கொண்டிருந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், அங்குக் கிடைத்த ஆய்வு வழிகாட்டுதலில் நிறைவு பெறாமல், 1881ஆம் ஆண்டு தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குச் சென்றார். அங்கு எட்லண்ட் என்னும் இயற்பியலறிஞரிடம் பணியாற்றிக்கொண்டே, கரைசல்களின் மின்கடத்துத்திறனை அளந்து ஆராயத் தொடங்கினார்.

தாழ்ந்த தரம் பெற்ற ஆய்வேடு

அயனி என்னும் சொல்லை 1834ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஃபாரடே வழங்கியிருந்தார். எனினும், மின்சாரமே கரைந்த பொருளைப் பிளந்து அயனிகளை உண்டாக்குகிறது என்ற எண்ணமே அக்காலத்தில் ஓங்கியிருந்தது. அர்ஹீனியஸின் அளவீடுகள் வேறொன்றை உணர்த்தின. கரைசலில் நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்யுந்தோறும், கரைந்துள்ள பொருளின் ஒவ்வொரு பங்கும் மின்சாரத்தைக் கடத்தும் திறன் மிகுந்தது. எனவே, கரைந்த மூலக்கூறுகளுள் ஒரு பகுதியே மின்சாரத்தைக் கடத்தும் செயலூக்கம் உடையது என்றும், நீர் மிகும்போது அப்பகுதியும் மிகுகிறது என்றும் அவர் கருதினார்.

இக்கருத்துகள் அடங்கிய ஆய்வேட்டை 1884ஆம் ஆண்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் அளித்தார். வேதியியல் பேராசிரியர் கிளீவ் உள்ளிட்டோர் அதனை ஏற்கத் தயங்கினர். பட்டம் கிடைத்தது; ஆனால், ஆய்வேட்டிற்குத் தாழ்ந்த தரமே வழங்கப்பட்டது. பல்கலைக்கழக ஆசிரியப் பணியை விரும்பிய இளைஞருக்கு அத்தரம் வாயிற்கதவை அடைத்தது போலாயிற்று.

கடல் கடந்து வந்த ஆதரவு

அர்ஹீனியஸ் மனம் தளரவில்லை. ஆய்வேட்டின் படிகளை ஐரோப்பாவின் சிறந்த அறிவியலாளர்களுக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவர் ரீகா நகரிலிருந்த ஆஸ்வால்ட். அமிலங்களின் வீரியத்தை அவை வினைபுரியும் வேகத்தைக் கொண்டு அளந்துவந்த அவர், தம் அளவீடுகளின் வரிசையும் அர்ஹீனியஸின் மின்கடத்துத்திறன் வரிசையும் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தார். பால்டிக் கடலைக் கடந்து உப்சாலாவுக்கே நேரில் வந்து, ரீகாவில் பணியேற்க அவரை அழைத்தார். நோயுற்றிருந்த தந்தையைப் பிரிய மனமின்றி அர்ஹீனியஸ் தாய்நாட்டிலேயே தங்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் உப்சாலா பல்கலைக்கழகமே அவரை விரிவுரையாளராக ஏற்றுக்கொண்டது.

அயனிக் கொள்கை

பின்னர்க் கிடைத்த பயண நல்கையால் அர்ஹீனியஸ் ஐரோப்பிய ஆய்வகங்கள் பலவற்றில் பணியாற்றினார். அக்காலத்தில் வாண்ட் ஹாஃப் என்னும் டச்சு அறிஞரின் ஆய்வு அவர் கருத்தை ஈர்த்தது. நீர்த்த சர்க்கரைக் கரைசல் வாண்ட் ஹாஃப் வகுத்த விதிக்கு இணங்கியது; உப்புக் கரைசல்கள் இணங்கவில்லை. சமையல் உப்பின் நீர்த்த கரைசல், அதில் எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு துகள்கள் இருப்பதுபோல் நடந்துகொண்டது. கால்சியம் குளோரைடு கரைசலில் அது மூன்று மடங்கை நெருங்கியது. ஒரு துகள் சோடியமாகவும் குளோரினாகவும் பிரிந்தால் இரண்டு. கால்சியமும் இரு குளோரினும் பிரிந்தால் மூன்று. கணக்கு பொருந்தியது. மின்சாரம் பாய்வதற்கு முன்பே கரைசலில் அயனிகள் உள்ளன என்னும் கொள்கையை 1887ஆம் ஆண்டு அவர் முழுமையாக வெளியிட்டார்.

எதிர்ப்பாளர்களின் ஐயத்திலும் பொருள் இருந்தது. சோடியம் நீரில் பட்டால் சீறி வினைபுரியும். குளோரின் நச்சு வாயு. இவ்விரண்டும் உப்புநீரில் தனித்தனியே அமைதியாக உலவுவது எப்படி என்று அவர்கள் வினவினர். மின்சுமை பெற்ற அயனியும் மின்சுமையற்ற அணுவும் பண்பால் வெவ்வேறானவை என்பதே அதற்கு விடை. 1897ஆம் ஆண்டு எலக்ட்ரான் கண்டறியப்பட்டபின் இவ்விடை வலுப்பெற்றது. சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்று எதிர்மின் அயனியாகிறது. ஓர் எலக்ட்ரானின் இடமாற்றம் ஒரு பொருளின் இயல்பையே மாற்றிவிடுகிறது.

பெருமையும் நிறைவும்

1903ஆம் ஆண்டு அர்ஹீனியஸுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன் நாட்டவர் அவரே. ஒருகாலத்தில் அவரது ஆய்வேட்டை ஏற்கத் தயங்கிய கிளீவ், அப்போது வேதியியல் பரிசுக் குழுவின் உறுப்பினராக இருந்தார். வெப்பநிலைக்கும் வினைவேகத்திற்கும் உள்ள தொடர்பைக் கூறும் சமன்பாடும், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு புவியின் வெப்பநிலையை மாற்றும் என 1896ஆம் ஆண்டு அவர் செய்த கணக்கீடும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1927ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவரது கொள்கையும் திருத்தம் பெற்றது. உப்பு மூலக்கூறுகள் நீரில் கரையும்போதே அயனிகளாகப் பிளவுறுகின்றன என அவர் எண்ணினார். 1913ஆம் ஆண்டு பிராக் எனப் பெயர்கொண்ட தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் உப்புப் படிகத்தை ஆராய்ந்தபோது, அதில் தனி மூலக்கூறுகளே இல்லை என்பதும், அயனிகள் மாறிமாறி அணிவகுத்திருப்பதும் புலனாயின. நீர் அயனிகளைப் படைப்பதில்லை. கட்டுண்டு கிடக்கும் அயனிகளை விடுவிக்கிறது. தம் ஆசிரியர்களின் கருத்தை அளவீடுகளால் திருத்திய அர்ஹீனியஸின் கருத்தை, அவருக்குப் பின்வந்தோர் அளவீடுகளால் திருத்தினர். பதவியும் தரமும் அன்றி, சான்றே இறுதித் தீர்ப்பு வழங்கும் என்பதை அவர் வாழ்வும் ஆய்வும் ஒருங்கே உணர்த்துகின்றன.