இலத்தீன் வழியே தமிழுக்கு வந்த தனிநாயக அடிகள்

தமிழை உலக அரங்கில் ஏற்றிய பெருமக்களை எண்ணும்போது சேவியர் தனிநாயக அடிகளாரின் பெயர் முன்வரிசையில் நிற்கும். உலகத் தமிழ் மாநாடுகளின் மூலவர் என அவரை நாம் போற்றுகிறோம். அந்தப் பெருமைக்கு அடித்தளமாக இரண்டு மாணவப் பருவங்கள் அமைந்தன என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை. ஒன்று உரோமை நகரில் இலத்தீனில் கழிந்தது. மற்றொன்று நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து அண்ணாமலை நகரில் தமிழில் கழிந்தது. முன்னதில் பெற்ற ஆழமே பின்னதற்குக் கண்ணாக அமைந்தது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் உரோமைக் கல்வியும்

அடிகளார் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையைச் சார்ந்த கரம்பொன்னில் பிறந்தார். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கிலமே கல்வி மொழியாக இருந்த காலம் அது. துறவு வாழ்வை நாடிக் கொழும்புக் குருமடத்தில் சேர்ந்த அவர், 1934இல் உரோமை நகர் சென்று ஊர்பானியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1938இல் குருவாகத் திருநிலை பெற்றார்; 1939இல் முனைவரானார்.

அக்காலத்து உரோமைக் கல்விக்கூடங்களில் இறையியல் விரிவுரைகள் இலத்தீனிலேயே நிகழ்ந்தன. தேர்வுகளும் அம்மொழியிலேயே நடந்தன. பெயர்ச்சொல்லின் வேற்றுமை வாய்பாட்டையும் வினையின் ஈறுகளையும் ஒப்பித்துவிட்டு அமைந்துவிட அங்கே இடமில்லை. கேட்பது, எழுதுவது, வாதிடுவது அனைத்தும் அம்மொழியில் இயல வேண்டும். அடிகளார் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதோ மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்கக் கார்த்தேசு நகரில் ஆயராக விளங்கிய புனித சிப்பிரியானின் காலத்துக் குருமார் வரலாறு. சிப்பிரியானைச் சார்ந்து ஏறத்தாழ 80 இலத்தீன் மடல்கள் எஞ்சியுள்ளன. அவற்றைச் சொல் சொல்லாக ஆராய்ந்து ஒரு சமுதாயத்தின் அமைப்பை உய்த்துணர்வதே அவ்வாய்வின் இயல்பு. மூலநூலைத் தவிர வேறு துணையை எளிதில் நம்பாத பழக்கத்தை இத்தகைய பயிற்சியே ஒருவருக்கு அளிக்கும்.

தமிழர் ஒருவர் இலத்தீனை இந்த அளவிற்குக் கற்கும்போது அது முற்றிலும் அயலாகத் தோன்றுவதில்லை. இலத்தீனில் வேற்றுமை ஆறு. தமிழில் விளியோடு எட்டு. இலத்தீன் உரைநடையிலும் வினைமுற்று பெரும்பாலும் தொடரின் இறுதியில் வந்து நிற்கும். யாப்போ நெடிலையும் குறிலையும் அளந்து அமைவது. நேரசையும் நிரையசையும் அறிந்த செவிக்கு அந்த அளவை விளங்காத ஒன்றன்று.

உறுத்திய குறை

தூத்துக்குடி மறைமாவட்டத்திற்கு வந்த அடிகளார், 1940 முதல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் புனித தெரசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராகப் பணிபுரிந்தார். உரோமைப் பட்டம் பெற்றவர்; ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். தம் தாய்மொழியின் பழம்பெரும் இலக்கியங்களை மட்டும் அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை. வர்ஜிலை மூலத்தில் படிக்க வல்ல ஒரு தமிழருக்குக் குறுந்தொகை எட்டாத நூலாக இருந்தது. அவர் தலைமுறையில் ஆங்கிலக் கல்வி பெற்ற பலருக்கும் இந்நிலை உண்டு. பெரும்பாலோர் அதைக் குறையாகவே கருதவில்லை. அடிகளார் கருதினார்.

அவ்வூரிலேயே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்கத் தொடங்கினார். கத்தோலிக்கக் குரு ஒருவர் சைவப் பண்டிதரிடம் மாணவராக அமர்ந்த அந்த ஆண்டுகள் தமிழுக்குப் பெருவரவாயின.

தென்னார்க்காட்டு மாணவர்

1945இல், 32 அகவையை எட்டிய நிலையில், அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தமிழில் முதுகலைப் பட்டமும், தொடர்ந்து இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சிதம்பரம் செல்லும் மீட்டர் பாதை இரயில் அந்நாளில் எத்தனையோ தமிழ் மாணவர்களை அப்பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சேர்த்தது. விழுப்புரமும் திண்டிவனமும் சிதம்பரமும் அப்போது ஒரே மாவட்டம்; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல்தான்.

அதே 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்வாய்வு நடத்தினார். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த மேட்டிலிருந்து இத்தாலியக் குயவர்களின் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் பொறிக்கப்பெற்ற மட்கல ஓடுகள் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அவ்விடத்தே கிடைத்தன. இருமொழிகளும் ஒரே மண்ணில் ஒன்றையொன்று அடுத்துக் கிடந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டா. அவ்விரண்டையும் ஒரே உள்ளத்தில் வைத்துப் பார்த்தவர், அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் எட்டும் அண்ணாமலை நகரில் சங்கப் பாடல்களைப் பயின்றுகொண்டிருந்தார்.

நிலமும் கவிதையும்

அடிகளார் ஆய்வுக்குத் தேர்ந்த பொருள் பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. அந்த ஆங்கில நூல் பின்னர் 1966இல் நிலமும் கவிதையும் எனப் பொருள்படும் புதுப்பெயரோடு வெளிவந்தது. சங்கப் பாடல்களைத் தனித்து நிறுத்திப் புகழாமல், கிரேக்க, உரோமானியக் கவிதை மரபுகளின் அருகே வைத்து நோக்கியதே அந்நூலின் சிறப்பு.

இந்த ஒப்பீட்டின் பயனை நம் மண்ணிலேயே காணலாம். பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுவது. அவனது கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. பாணன் செல்லும் வழியில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினமும், முல்லை நிலத்து வேலூரும், மருத நிலத்து ஆமூரும் வருகின்றன. எயிற்பட்டினம் மரக்காணமே என்பர். ஒவ்வோர் ஊரிலும் அந்நிலத்து மக்கள் அந்நிலத்து உணவையே விருந்தாக அளிக்கின்றனர். புலவர் தாம் அறிந்த நிலத்தை, அதில் உழைப்பவரோடு சேர்த்துப் பாடுகிறார்.

வர்ஜிலின் ஆயர் பாடல்களை இதனருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். அவை அழகு மிக்கவை; எனினும் கிரேக்கப் புலவர் தியோக்கிரிட்டசைப் பின்பற்றி, கற்றறிந்த ஒரு புலவர் ஆயர் வாழ்வைக் கற்பனையில் புனைந்தவை. சங்க முல்லைக்கு அத்தகைய தொலைவு இல்லை. அங்கே மாலைப்பொழுதும் கார்மழையும் காத்திருக்கும் தலைவியின் நெஞ்சத்தோடு பிரிக்க இயலாதவை. அதே வர்ஜில் உழவைப் பாடிய நூலில் மண்ணின் தன்மை, பயிர், தேனீ ஆகியவற்றை விரித்துரைப்பது நம் மருதத்தில் காணாத ஒரு வளம். இரு பக்கமும் கண்டு சொல்ல, இரு மொழியும் மூலத்தில் தெரிந்திருக்க வேண்டும். புகழ்ச்சி ஆய்வாக மாறும் இடம் இதுவே.

நூலகங்களில் கண்டெடுத்தவை

ஐரோப்பியர் தமிழை அறிந்த வழிகளுள் இலத்தீன் தலையாயது. வர்ஜில் பிறந்த அதே மாந்துவா நாட்டில் தோன்றிய வீரமாமுனிவர், கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலக்கணங்களை இலத்தீனில்தான் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அம்மொழியில் பெயர்த்தார். செருமானியரான கார்ல் கிரவுலின் இலத்தீன் குறள் 1865இல் வெளிவந்தது. இந்த வழியை அறிந்தவராதலின், அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடுகளைத் தேடினார். 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சமய நூலைப் பற்றி ஆய்வுலகிற்கு எடுத்துரைத்தார். அந்தாம் தெ புரோவென்சா தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966இல் மறுபதிப்பாக வெளியிட்டார்.

உலக அரங்கில்

1952இல் தமிழ்க் கல்ச்சர் என்னும் ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் தமிழ்த்தூது வெளிவந்தது. ஒன்றே உலகம் 1966இல். இலண்டனில் மற்றொரு முனைவர் பட்டம் பெற்று, 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய இயல் துறையை ஏற்றார். 1964 சனவரியில் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாகக் காரணமாயிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை அமைத்த பிலியோசா அதன் முதல் தலைவரானார். கோலாலம்பூர் 1966, சென்னை 1968, பாரிசு 1970, யாழ்ப்பாணம் 1974 என மாநாடுகள் தொடர்ந்தன. யாழ்ப்பாண மாநாட்டின் இறுதியில் நேர்ந்த உயிர்ப்பலி தமிழ் நெஞ்சங்களில் ஆறாத வடுவாயிற்று. 1980 செப்டம்பர் 1ஆம் நாள் அடிகளார் யாழ்ப்பாணத்தில் மறைந்தார்.

நமக்கு உரியது

2004இல் தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்பெற்றது. அதற்கு முன் 2000இல் அக்கோரிக்கைக்கு வலுச்சேர்த்து எழுதிய ஜார்ஜ் ஹார்ட், இலத்தீனையும் கிரேக்கத்தையும் மூலத்தில் படித்தவர் என்பதையே தம் தகுதிகளுள் ஒன்றாகச் சொன்னார். தமிழ் எதற்கும் இணையானது என்று கூறும் உரிமை, அந்த எதுவையும் கற்றவருக்கே முழுமையாக உண்டு. அடிகளார் அந்த உரிமையை உழைத்துப் பெற்றார். தாய்மொழிக்காக மீண்டும் மாணவராகும் பணிவும் அவரிடம் இருந்தது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அவரிடமிருந்து பெறத்தக்கது இதுவே. வேறொரு மொழியை, அது இலத்தீனாயினும் வடமொழியாயினும் வங்கமாயினும், அரிச்சுவடியோடு நிறுத்தாது, மொழிபெயர்ப்பின் துணையின்றி அதன் கவிதை ஒன்றைச் சுவைக்கும் எல்லைவரை கற்போமாக. பின்னர்ச் சிறுபாணாற்றுப்படையைக் கையிலெடுத்துக் கிடங்கில் வரை நடந்து பார்ப்போமாக. நாம் பிறந்து வளர்ந்த மண்ணே அப்போது நமக்குப் புதிதாகத் தெரியும்.