உயிரணுவின் உள்வழி கண்டவர்

நுழையும்முன்

புற்றுநோய்க்கு அறுவை மருத்துவமும் கதிர்வீச்சும் மட்டுமே தீர்வாக இருந்த காலம் ஒன்று உண்டு. எவரெஸ்ட் மலையேற்றத்தில் பங்கேற்ற மருத்துவர் சாமர்வெல், குமரி மண்ணின் நெய்யூர் மருத்துவமனையில் பணியேற்றது அக்காலத்தில்தான். ஏறத்தாழ அதே வேளையில், சென்னையில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஒருவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். உயிரணுவின் வளர்சிதை மாற்றத்தைத் தடுத்துப் புற்றுநோயை எதிர்க்கும் மூன்றாவது வழிக்குப் பிற்காலத்தில் வித்திட்டவர் அவரே. அவர்தாம் எல்லப்பிரகட சுப்பாராவ்.

இளமையும் இழப்பும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை வாட்டியது, பள்ளி இறுதித் தேர்விலும் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். விடுதலை வேட்கையால் கதராடை அணிந்தமை ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்திற்கு இலக்காயிற்று. அதனால் முழுமையான மருத்துவப் பட்டத்திற்கு மாறாக, அதனினும் தாழ்ந்த தகுதிச் சான்றே அவருக்குக் கிடைத்தது.

அதனினும் பெருந்துயர் இல்லத்தில் நேர்ந்தது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் மெலியச்செய்யும் ஸ்ப்ரூ என்னும் நோய் அவருடைய உடன்பிறந்தாரின் உயிரைப் பறித்தது. அந்நோய்க்கு அன்று உரிய மருந்து இல்லை. மருந்தைத் தேடும் ஆய்வே தம் வாழ்வின் பணி எனச் சுப்பாராவ் உறுதி பூண்டார்.

பயிற்சிக் களம்

1922ஆம் ஆண்டு பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். பிழைப்பிற்காக மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியராகவும் உழைத்தார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிட இருவரும் உருவாக்கிய முறை, 1925இல் வெளியானது. உலகெங்கும் ஆய்வகங்களில் அம்முறை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று.

அளவிடும் திறன், அறியாதவற்றைக் கண்டறியும் கருவியாயிற்று. தசைகள் இயங்கத் துணைபுரியும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளை 1927இல் வெளிப்படுத்தினர். உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. மூலக்கூறினை 1929இல் அறிவித்தனர். அதே ஆண்டில் செருமானிய அறிஞர் லோமன் என்பவரும் அதனைத் தனியே கண்டறிந்தார். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் பத்தாண்டுகள் அங்கேயே ஆய்வில் ஈடுபட்டும் நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. எனினும், உயிரணுவின் வேதியியலை நுணுகி அறிந்த ஆய்வாளராக அவரை ஆக்கியவை அவ்வாண்டுகளே.

குழுவை உருவாக்கியவர்

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வு இயக்குநரானார். வேதியியலாரையும் உயிரியலாரையும் ஒருங்கிணைத்து, ஒரே இலக்கை நோக்கி உழைக்கச் செய்தார். அக்குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அதனை அறிவித்த கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் இருந்தன. வழிநடத்திய சுப்பாராவின் பெயர் ஏழாவதாகவே இடம்பெற்றது. உடன்பிறந்தாரைக் கொன்ற நோயைத் தணிக்கும் மருந்து இவ்வாறு உலகிற்குக் கிடைத்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டை எத்தில் கார்பமசைன் மருந்தும் இக்குழுவின் கொடையே.

பகையாகிய மருந்து

உயிரணு பிளவுபடுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. விரைந்து பெருகும் புற்றணுக்களுக்கும் அது மிகுதியாகத் தேவை. குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளை அளித்தபோது நோய் விரைந்து பெருகுவதைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கண்டார். அவ்வாறாயின் அதனைத் தடுத்தால் நோய் தணியுமன்றோ? சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமளித்து அதன் பணியைத் தடுக்கும் அமினோப்டெரின் என்னும் சேர்மத்தை உருவாக்கி அளித்தது. அது பூட்டினுள் நுழைந்தும் திறக்காத போலித் திறவுகோலைப் போன்றது.

1948ஆம் ஆண்டு சூன் மாதம் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அத்தணிவு நீடிக்கவில்லை; ஆயினும் மருந்தினால் புற்றுநோயை எதிர்க்க இயலும் என்பது தெளிவாயிற்று. அவ்வழியில் உருவான மெத்தோட்ரெக்சேட், கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பது 1956இல் மெய்ப்பிக்கப்பட்டது.

அவ்வெற்றியைக் காணச் சுப்பாராவ் இருக்கவில்லை. 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் அகவையில், உறக்கத்திலேயே அவர் மறைந்தார். 1922இல் பிரிந்த மனைவியையும் தாய்மண்ணையும் அவர் மீண்டும் காணவேயில்லை. அவர் பெயரை அறியாத எண்ணற்ற நோயாளிகளுக்கு, மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருந்தாகப் பயன்பட்டு வருகிறது.