எழுத்துக்கு எழில் தந்த எட்வர்ட் ஜான்ஸ்டன்

ஒரு கடையின் பெயர்ப்பலகையே அக்கடையின் முகம். அதில் படமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று துணைநின்றால் பெயர் மனத்தில் பதியும். போட்டியிட்டால் இரண்டுமே வீணாகும். சென்ற ஆண்டுக் கண்காட்சியில் இதனை நாங்கள் கண்கூடாக அறிந்தோம். எங்கள் வகுப்பின் பலகாரக் கடைக்குப் பெரிய தாமரை வரைந்து, இதழ்களின் மேலேயே பெயரை வளைத்து நெளித்து எழுதினோம். வந்தவர்கள் பூவைப் புகழ்ந்துவிட்டு, இங்கே என்ன விற்கிறீர்கள் என்று எங்களையே கேட்டார்கள்! அதன் பின்னரே இக்கலையில் சிறந்த எட்வர்ட் ஜான்ஸ்டனைப் பற்றி அறிந்துகொள்ள ஆவல் கொண்டோம்.

தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில் 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு மகனாக அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். வளர்ந்தபின் எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். ஆனால் உடல்நலம் இடந்தரவில்லை. படிப்பைப் பாதியில் விட்டார்.

அவர் மனம் தளர்ந்துவிடவில்லை. லண்டனில் லெதபி என்னும் கலையறிஞர் அவரை ஊக்குவித்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், முற்காலத் துறவியர் இறகுப் பேனாவால் தோலில் எழுதிய ஏடுகளை அவர் பொறுமையுடன் ஆராய்ந்தார். அகன்ற முனையுள்ள பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் தடித்த கோடும் மெல்லிய கோடும் தாமே அமையும் என்னும் மறந்துபோன நுட்பத்தை மீண்டும் உலகுக்கு உணர்த்தினார். 1899இல் ஆசிரியரானார். புகழ்பெற்ற சிற்பி எரிக் கில் அவருடைய மாணவரே. 1906இல் எழுத்துக்கலை பற்றி அரியதொரு நூலை வெளியிட்டார்.

அந்நாளில் லண்டன் சுரங்க இரயில் நிலையங்களின் சுவர்களெங்கும் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே நிலையத்தின் பெயரைக் கண்டுபிடிப்பது பயணிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆகவே 1908இல் சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டையிட்டு அதில் பெயரை எழுதத் தொடங்கினர். பின்னர் இரயில் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிக், தெளிவான புதிய எழுத்து வேண்டுமென்று ஜான்ஸ்டனை நாடினார்.

1916இல் அவ்வெழுத்து உருவாயிற்று. அதன் கோடுகள் ஒரே தடிமன் உடையவை. அளவுகளோ பழைய ரோமானிய எழுத்துகளைத் தழுவியவை. 'ஓ' எழுத்து முழு வட்டம். சிறிய 'ஐ' எழுத்தின் புள்ளி சாய்சதுரம். அகன்ற பேனாவைத் தாளில் ஒருமுறை ஊன்றினால் விழும் தடம் அதுவன்றோ! பிறகு சிவப்பு வட்டத்தையும் அவர் வளையமாக மாற்றினார். நடுவே வெண்மை தோன்றியதால் பெயர் பளிச்சென்று விளங்கியது. 1917இல் அது வணிகக் குறியாகப் பதிவாயிற்று. படம் எழுத்தைத் தாங்க, எழுத்து படத்துக்குப் பொருள் தந்தது.

1944ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் டிச்லிங் என்னும் சிற்றூரில் அவர் காலமானார். ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும், சிறு திருத்தங்களுடன் அவருடைய எழுத்தே லண்டனில் வழிகாட்டி வருகிறது. அதைப் படித்து வீடு சேர்வோரில் பலர் அவர் பெயரை அறியார்.

அன்புத் தோழியரே! ஒரு படிப்பு கைகூடாவிட்டால் வாழ்வே முடிந்துவிடுவதில்லை என்பதை அவரிடம் கற்போம். பிறர்க்குப் பயன்படுவதே அழகு என்பதையும் உணர்வோம். இவ்வாண்டுக் கண்காட்சியில் எங்கள் தாமரை ஓரமாக ஒதுங்கி நிற்கும். பெயர் நடுவில் தெளிவாக நிற்கும்!